நிறமா, நேரமா

தொழிற்சாலை வாசலுக்கு உள்ளே, காவலர் கூண்டை ஒட்டி ஒரு நீண்ட சிமெண்டு பெஞ்சு உண்டு. காலையில் அதில் ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் நேரே பார்த்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் யாரோ இறந்துவிட்டார்கள் போலும் என்று நினைத்துத் தாங்களும் கைகட்டி நின்றுவிடுவதுண்டு. யாரும் இறக்கவில்லை. அவர்கள் கண்ணை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கவினேஷ் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து இடுப்புப் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தார். சாம்பல் கோடுகளாகத் தெரிந்த வாசலும் காவலரும் வேப்பமரமும் ஒன்றாக அணைந்தன. காதுக்குள் அந்தப் பெண்குரல் கேட்டது. "நிறமா, நேரமா?"

"நிறம்" என்றார். இனிப் பெட்டி தூங்கி எழுந்து, தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, படத்தைத் தரும்வரை இருட்டுதான். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் பிடிக்கும்.

பக்கத்தில் பாய்லர் பிரிவின் தர்ஷன் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே இருட்டு. இவர்கள் பிறந்த காலத்தில் 'ஷ்', 'ஷன்' என்று முடியாத பெயரை வைத்தால் சொந்தக்காரர்கள் மதிக்கமாட்டார்கள். இன்று திருப்பூரில் அந்தப் பெயர்கள் எல்லாம் கிழட்டுப் பெயர்கள் ஆகிவிட்டன.

"ஏனுங் கவினேஷ், ஞாயித்துக்கெழம புள்ளைக்கு பைனலாமா?"

"ஆமாங்."

"எந்தக் கண்ணுல போறீங்க?"

"அதானுங்க தெரியல" என்றார் கவினேஷ். அவர் குரலில் இருந்த எரிச்சல் தர்ஷனுக்கானது அல்ல. அது பல மாதமாக அவருக்குள் கிடந்து புளித்துக்கொண்டிருந்தது.

செயற்கைக் கண் வந்த புதிதில் எல்லாருக்கும் ஒரே கண்தான். விழித்திரை நோயில் பார்வை போன தலைமுறைக்கு அது வரமாக வந்தது. கண்ணுக்குள் கேமரா, இடுப்பில் பெட்டி, பெட்டிக்குள் லினக்ஸ் என்கிற மென்பொருள். ஒளிமுகம் என்கிற நிறுவனத்தின் வரைகலை இயக்கி படத்தை வரைந்து நரம்புக்கு அனுப்பும். நிறம் என்றால் அப்படி ஒரு நிறம். ஆனால் பெட்டிக்கு வேலை மிகும்போது படம் கொஞ்சம் பிந்தி வரும், நடக்கிற, ஓடுகிற ஆட்கள் கலங்கிய நிறத் தீற்றல்களாகவே தெரிவார்கள். அரை நொடி பிந்தினால் குடியா முழுகிவிடும் என்று கேட்டவர்கள் சாலையைக் கடந்தார்கள். தூரத்தில் வருவதாகத் தெரிந்த லாரி உண்மையில் பக்கத்தில் வந்திருந்தது.

அதன் பிறகுதான் உடன்நேரச் சட்டம் வந்தது. நடமாடுகிறவர் கண்ணில் பழைய படம் இருக்கக் கூடாது. படம் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் காட்டாதே, இருட்டாக்கு. அதற்காகப் பெட்டிக்குள் உடன்நேரக் கருனி என்ற இன்னொரு கெர்னலை, அதாவது எந்த வேலை எப்போது என்று முடிவு செய்கிற மைய மென்பொருளை, வைத்தார்கள். அது கண்டிப்பான ஆள். நேரம் ஆனால் ஆனதுதான், யார் எந்த வேலையில் இருந்தாலும் கீழே போட்டுவிட்டு எழுந்து வர வேண்டும். ஒளிமுகத்தின் இயக்கிக்கோ அந்தப் பழக்கமே கிடையாது. தோசையைத் திருப்பும்வரை வாசலில் யார் கூப்பிட்டாலும் திரும்பாத சமையல்காரர் மாதிரி, படத்தை வரைந்து முடிக்கும்வரை வேறு வேலை எதுவும் உள்ளே வராதபடி போட்ட பூட்டைக் கையைவிட்டு விடாது. ஆகவே பெட்டிக்குள் உடன்நேரக் கருனியைக் கண்டால் ஏறவே மாட்டேன் என்று அது ஒதுங்கிக்கொள்ளும். அதன் இடத்தில் தன்னார்வலர்கள் எழுதிய ஒரு எளிய இயக்கி சாம்பல் கோடுகளை மட்டும் வரையும். கோடு சொன்ன நேரத்துக்கு வரும். முகம் வராது.

ஆக, நடந்தால் நேரம், உட்கார்ந்தால் நிறம். ஒரே மனிதனுக்கு இரண்டு கண், ஒன்று இருக்கும்போது மற்றது கிடையாது.

கவினேஷின் பிழைப்பு நிறத்தில்தான் இருந்தது. சாயப்பட்டறையின் லேபில் உட்கார்ந்து, கேட்ட ஷேடும் வந்த ஷேடும் ஒன்றுதானா என்று விளக்குப் பெட்டிக்குள் துணியை வைத்துப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. துணி அசையாது, அவரும் அசையமாட்டார். அந்த வேலைக்கு அரை நொடித் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. வீட்டிலும் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நிறத்துக்கு மாறிக்கொள்வார். ரசம் தட்டில் விழுகிற சத்தம் முதலில் கேட்கும், பிறகுதான் அவர் மனைவி மோனிஷா கரண்டியைச் சாய்ப்பது தெரியும். சத்தம் முன்னால் போகும், படம் பின்னால் வரும். பொறுமையாக இருந்தால் வந்து சேர்ந்துவிடும். அதற்கு அவர் நன்றாகவே பழகியிருந்தார்.

அவர் மகள் தும்பைதான் பழகவில்லை. ஓரிடத்தில் நில்லாத பிள்ளை அவள். ஆனால் மூன்று வயதிலேயே ஒன்று கற்றுக்கொண்டாள்: அப்பா நிறத்தில் இருந்தால் எதிரே போய்ச் சிலைபோல உட்கார வேண்டும், அப்போதுதான் அவர் தன்னைப் பார்ப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்காருவாள். கவினேஷ் மகளின் முகத்தை அப்படித்தான் அறிவார்.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மாவட்டத்திலேயே நல்ல கபடி ரைடர் என்று பெயர் எடுத்திருந்தாள். அவளுடைய எல்லா ஆட்டத்துக்கும் கவினேஷ் போனார். நிறத்தில் ஓடுகிற பிள்ளை வெறும் தீற்றல்தான் என்பதால் எல்லாவற்றையும் கோடாகப் பார்த்தார். கோட்டில் பதினாலு பேரும் ஒன்றுதான். அதனால் தும்பை ஒரு வழி கண்டுபிடித்தாள். பாடிப் போகும் முன் நடுக்கோட்டில் நின்று தொடையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். எதிரணிக்காரர்கள் அதைத் திமிர் என்று நினைத்தார்கள். அது அப்பாவுக்கு, நான்தான் இது என்பதற்கு.

இந்த வருடம் அவள் அணியின் சட்டைத் துணி கவினேஷின் லேபுக்கே வந்தது. மாதுளைச் சிவப்பு கேட்டிருந்தார்கள். முதல் மாதிரியில் நீலம் தூக்கலாக இருந்தது, இரண்டாவது செங்கல் மாதிரி வந்தது. மேலாளர் போதும் என்று சொல்லியும் அவர் விடவில்லை, உடைத்த மாதுளையை மேசையில் வைத்துக்கொண்டு நிறத்தைக் கொண்டுவந்தார். சட்டையை வாங்கிய அன்று சாப்பிடும்போது தும்பை சொன்னாள், "நீங்க போட்ட கலர நான் போட்டுட்டு ஓடறத ஒரு தடவ பாருங்கப்பா. பைனல் முடிஞ்சா நான் ஹாஸ்டலுக்குப் போயிருவேன்."

"பாக்கறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயைத்தான் பிறகு நொந்துகொண்டார்.

ஒளிமுகத்தின் உதவி எண்ணை அழைத்தார். இயக்கி நல்ல நிலையில் உள்ளது, கருனி பராமரிப்போரைக் கேளுங்கள் என்றது இயந்திரக் குரல். கருனியைப் பராமரிக்கும் கழகத்தைக் கேட்டார். கருனி சரியாக இருக்கிறது, இயக்கியின் உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குக் காட்டுவதில்லை, அவர்களைக் கேளுங்கள் என்றார்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிய மகனின் நிலைமைதான். கடைசியாகப் பயனர் மன்றத்தில் தேடினார். யாரோ ஒருவர் இதே கேள்வியை, இதே பெட்டிக்கு, இதே வார்த்தைகளில் கேட்டிருந்தார். கவினேஷ் அவசரமாகக் கீழே தள்ளிப் பார்த்தார். கீழே அதே ஆள் எழுதியிருந்த பதில்: 'சரியாகிவிட்டது, நன்றி.' எப்படிச் சரியானது என்று ஒரு சொல் இல்லை. அந்த மனிதரை நேரில் பார்த்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பார், அதையும் நிறத்தில் பார்த்துக்கொண்டே.

வேறு வழியில்லாமல் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த கண்கருவிச் சேவை மையத்துக்குப் போனார். அங்கே பொறியாளர் ரிஸ்வானா. கெட்டிக்காரப் பெண், கோபக்காரப் பெண். நாள் முழுவதும் அடுத்தவர் செய்த தவற்றுக்குப் பதில் சொல்கிறவர்களுக்கு வருகிற கோபம் அது.

"ஒரு வழி இருக்குதுங்கண்ணா" என்றாள் அவள். "டிரைவர, அதானுங்க ஒளிமுகத்தோட இயக்கிய, ஏத்தறப்ப ஒரு சொல்லு சேத்தி விடலாம். உடன்நேரக் கருனி இருக்கறத கண்டுக்காதேன்னு அர்த்தம். அப்பறம் அது பேசாம ஏறிக்கும்."

"அப்பறம் என்னம்மா? போட்டுக் குடு."

"போட மாட்டேன்."

"ஏன்?"

"ஏறிக்கும்னுதான் சொன்னேன், ஓடும்னு சொல்லல. நல்லாப் போயிட்டே இருக்கும். திடீர்னு ஒரு எடத்துல பூட்டப் புடிச்சுட்டு உக்காந்துரும். படம் நின்னுரும்."

"இருட்டாயிரும், அவ்வளவுதான? இருட்டு எனக்கு என்ன புதுசா?"

ரிஸ்வானா கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தாள். "அங்கதானுங்கண்ணா சிக்கல். இருட்டாக்கோணும்னா படம் வரலைன்னு டிரைவர் ஒத்துக்கோணும். இது ஒத்துக்காது. கடைசியா வரைஞ்ச படத்தையே காட்டிட்டு நிக்கும். பாக்கற உங்களுக்குத் தெரியாது. இருட்டாவது யோக்கியமானதுங்க."

"நான் நடக்க மாட்டேன்ம்மா. கேலரில உக்காந்துக்கறேன். ஒரே ஒரு ஆட்டம்."

"வர்றவங்க எல்லாரும் ஒரே ஒரு கல்யாணம், ஒரே ஒரு ஆட்டம்னுதான் சொல்றாங்க." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அந்தச் சொல் என்ன என்று அவர் கேட்டபோது மறைக்கவும் இல்லை.

அந்த வாரம் கவினேஷ் வெளிச்சத்தில் இருந்ததைவிட இருட்டில் உட்கார்ந்திருந்ததே அதிகம். ரிஸ்வானா சொன்ன சொல்லைச் சேர்த்து ஒரு மாற்றம் செய்வார், பொத்தானை அழுத்துவார், இருட்டில் காத்திருப்பார், சாம்பல் கோடுகள் வந்து நிற்கும். 'இயக்கி ஏற்றப்படவில்லை' என்று காதுக்குள் குரல் சொல்லும். ஏன் என்று சொல்லாது. ஒருமுறை எல்லாம் பொருந்தி வந்த மாதிரி இருந்தது. விடிந்து பார்த்தால் கழகத்தார் கருனியைப் புதுப்பித்திருந்தார்கள், யார் கேட்டார்கள் அதை. பழைய கருனிக்குத் தைத்த இயக்கி புதியதற்குப் பொருந்தவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"ஊருல அத்தன பேரும் கோட்டுலதான் மேட்ச் பாக்கறாங்க" என்றாள் மோனிஷா. "நாந்தான் பக்கத்துல உக்காந்து சொல்றனே, பத்தாதா?"

"நீ என்ன சொல்ற? போறா, வாரா, புடிச்சுட்டாங்க. அவ்வளவுதான்."

"ஆட்டமே அவ்வளவுதானுங்களே" என்றாள் அவள்.

சனிக்கிழமை மாலை, நம்பிக்கையெல்லாம் வற்றிய பிறகு, வெறும் கோபத்தில் இன்னொரு முறை பொத்தானை அழுத்தினார். "நேரம்" என்றார். இருட்டு விலகியது. பச்சைச் சேலையில் ஒருத்தி அடுப்படியிலிருந்து நடந்து வந்தாள். சேலையின் ஓரம் அவள் கணுக்காலில் மோதித் திரும்பியது, கொலுசுச் சத்தமும் அதே கணத்தில் கேட்டது. சத்தமும் படமும் சேர்ந்தே வந்தன.

"மோனி, இன்னொருக்கா நட."

"எதுக்குங்?"

"சும்மா நடயேன்."

அவள் வெட்கப்பட்டுக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடந்து போய்த் திரும்பி வந்தாள். பதினெட்டு வருடக் கல்யாணத்தில் அவர் தன் மனைவி நடப்பதை நிறத்தோடு பார்த்தது அதுதான் முதல் தடவை. ரிஸ்வானா சும்மா பயமுறுத்தியிருக்கிறாள் என்று அப்போது தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மோனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாநகராட்சி மைதானத்துக் கேலரியில் போய் உட்கார்ந்தார். கீழே ஏழு மாதுளைச் சிவப்புச் சட்டைகள் இருந்தன. வெயிலில் அந்த நிறம் லேபில் இருந்ததைவிட ஒரு படி ஏறித் தெரிந்தது, அதையும் அவர் மனம் தன்பாட்டுக்குக் குறித்துக்கொண்டது. தும்பை நடுக்கோட்டுக்கு வந்தாள். தொடையில் இரண்டு தட்டு. இன்றைக்கு அந்தத் தட்டு தேவையே இல்லை, முகமே தெரிந்தது.

அவள் பாடிக்கொண்டு உள்ளே போனாள். கோட்டில் பார்த்தபோது அவர் அதை ஓட்டம் என்று நினைத்திருந்தார். அது ஓட்டமே இல்லை. இடது பக்கம் போகிறவள்போல் தோளைக் காட்டிவிட்டு வலது பக்கம் போனாள், எதிரணிப் பெண் ஒருத்தி ஏமாந்து சாய்ந்தாள். உதட்டைப் பல்லால் கடித்திருந்தாள். மூன்று வயதில் சிரிப்பை அடக்கியபோது செய்த அதே காரியம். போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்கினாள். மண் துகள்கள் அந்தப் பாதத்திலிருந்து தெறித்தன. பின்னல் காற்றில் எழுந்தது, சட்டை முதுகில் வியர்வையில் கருத்திருந்தது. அப்படியே நின்றாள்.

கூட்டம் கத்தியது. கவினேஷ் காத்திருந்தார்.

இதுதான் அவர் செய்த தவறு. கண்ணுள்ள வேறு யாரும் செய்யமாட்டார்கள். வாழ்நாள் முழுக்க நிறத்தில் சத்தம் முன்னாலும் படம் பின்னாலும் வந்தே பழகியவருக்கு, படம் நின்றதும் சத்தம் ஓடியதும் ஒரு குறையாகவே படவில்லை. வந்து சேர்ந்துவிடும் என்று பொறுமையாக, புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். மோனிஷா கைதட்டினாள், பிறகு ஏதோ ஐயோ என்றாள். விசில் ஊதியது. பிறகு கீழிருந்து, தெளிவாக, தொடையில் இரண்டு தட்டுக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இரண்டு.

சத்தம் அவ்வளவு தூரம் முன்னால் போகாது. அவர் எதிரே தும்பை இன்னும் ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள், தெறித்த மண் இன்னும் கீழே விழவில்லை.

விரல் தானாகப் பெட்டிப் பொத்தானுக்குப் போனது. அழுத்தினால் இருட்டு, அதன் பிறகு கோடு. ஆட்டத்தின் கடைசிப் பகுதியையாவது கோட்டில் பிடித்துவிடலாம். ஆனால் கண் பார்த்ததைச் சேமிக்கச் சட்டம் இடம் தராது, அழுத்தினால் இந்தப் படம் போய்விடும், பிறகு எந்தக் காலத்திலும் வராது. அவர் விரலை எடுத்துவிட்டார். கீழே உயிரோடு மகள் ஆடிக்கொண்டிருக்க, மேலே அவர் நின்றுபோன மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தப்பு என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பார்த்தார்.

நீண்ட விசில் கேட்டது. கூட்டம் கலைகிற சத்தம். பிறகு மிகப் பக்கத்தில் மூச்சிரைப்பும் வியர்வை வாடையும்.

"அப்பா."

அவர் குரல் வந்த பக்கம் திரும்பினார். அங்கேயும் அவள் காலைத் தூக்கிக்கொண்டு தூரத்தில்தான் நின்றாள். எங்கே திரும்பினாலும் அதே படம்.

"ஜெயிச்சுட்டீங்களா கண்ணு?"

"தோத்துட்டோமுங்கப்பா. ஒரு பாயிண்டுல. கடைசி ரைடுல என்னப் புடிச்சுட்டாங்க." குரல் உடைந்திருந்தது. கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள், "நின்னுபோச்சுங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் விழுந்து கெடக்கறப்ப மேல பாத்தேன். நீங்க சிரிச்சுட்டு இருந்தீங்க."

அவருக்கு எதையாவது எடுத்து உடைக்க வேண்டும்போல் இருந்தது. உடைக்க என்ன இருக்கிறது, இடுப்பில் கட்டிய பெட்டியைத் தவிர. ஒளிமுகத்தையும் கழகத்தையும் 'சரியாகிவிட்டது, நன்றி' என்று எழுதிய அந்தப் பாவியையும் ஒன்றாகச் சபித்தார். எல்லாரையும்விடத் தன் விரலைச் சபித்தார், நேரத்தில் அழுத்தாத விரலை.

"இப்பவும் அதே படமாங்கப்பா?" என்றாள் தும்பை. "எப்படி இருக்கறேன்?"

அவர் சொன்னார். ஏமாந்து சாய்ந்த பெண்ணை, கடித்த உதட்டை, பாதத்திலிருந்து தெறித்த மண்ணை, முதுகில் கருத்த மாதுளைச் சிவப்பை, ஒன்றையும் விடாமல் சொன்னார். ஷேடு பார்க்கிறவர் அல்லவா, நிறத்துக்கு மட்டும் ஐந்து வார்த்தை சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இன்னுங் கொஞ்ச நேரம் பாத்துக்கங்" என்றாள்.

"போதும் சாமி" என்று சொல்லிப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். காலைத் தூக்கி நின்றவள் அணைந்தாள்.

இருட்டில் காதுக்குள் குரல் கேட்டது. "நிறமா, நேரமா?"

எதற்காக அவர் தயங்குகிறார் என்று தும்பைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துப் படியில் உட்கார்கிற சத்தம் கேட்டது. "கலர் போடுங்கப்பா. நான் அசையாம உக்காந்துக்கறேன்" என்றாள். இரைத்துக்கொண்டிருந்த மூச்சை இழுத்துப் பிடித்ததும் அவருக்குக் கேட்டது. சற்றுமுன் தோற்றுவிட்டு வந்த பிள்ளை, அழுகையைக்கூட அடக்கிக்கொண்டு, மூன்று வயதில் கற்றதுபோலச் சிலையாக உட்கார்ந்திருந்தது.

"வேண்டாம்" என்றார். "கீழ உன்ற டீம்காரப் புள்ளைங்க எல்லாம் நிக்கும். நீ எந்திரிச்சுப் போ. அழுகோணும்னா அங்க போயி எல்லாருங் கூடி அழுங்க. என்ற முன்னால இனிமே இப்படி செலையா உக்காராத." பிறகு பெட்டிக்குச் சொன்னார், "நேரம்." ரிஸ்வானா சொல்லித் தந்த அந்தச் சொல்லை நீக்கிவிட்டு எழும்படியும் சொன்னார்.

அவள் படிகளில் தடதடவென்று இறங்கிப் போவது கேட்டது. மோனிஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாம்பல் கோடுகள் வந்தன. மைதானம் நிறையக் கோட்டுப் பெண்கள், சட்டைக்கு நிறமில்லை, முகமில்லை. சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள், சிலர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். வென்றவர்கள் யார், தோற்றவர்கள் யார் என்றுகூடத் தெரியவில்லை. அவர் ஒவ்வொன்றாகத் தேடினார்.

கூட்டத்தின் நடுவில் ஒரு கோட்டுருவம் கேலரிப் பக்கம் திரும்பி நின்று, தொடையில் இரண்டு தட்டுத் தட்டியது. சத்தமும் படமும் ஒன்றாக வந்தன. கவினேஷ் எழுந்து நின்று, தன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார்.